பள்ளிக்கு முந்திய பருவமும் அரசின் கொள்கையும்

முன்னுரை

குழந்தையைப் பருவம் பிரித்துப் பார்த்துப் பாடிய பெருமை தமிழ் இலக்கியத்திற்கு உண்டு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களை இருபாற் பிள்ளைகட்கும் பொதுவாக்கி, சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்னும் மூன்றினை ஆண்பாற் பிள்ளைக்கு உரியனவாக்கிப் பத்தாக வகுத்தது பிள்ளைத்தமிழ் மரபு. பெண்பாற் பிள்ளைக்குக் கடைசி மூன்றும் அம்மானை, ஊசல் முதலிய வேறு ஆடல்களாக அமையும். இஸ்லாமியப் புலவர்களும் இவ்வகையில் நூல்கள் பல யாத்துள்ளனர் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர்.

இப்பருவங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தாலாட்டுக் கேட்டல், கைகொட்டல், தளர்நடை பயிலல், நிலவை அழைத்தல், பறை முழக்கல், மணல்வீடு கட்டல், தேர் உருட்டல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் எழுத்துப் பயிற்சி அன்று. பாட்டும் பேச்சும் ஆட்டமுமே குழந்தையின் முதற்கல்வி என்பதை நம் புலவர்கள் உணர்ந்திருந்தனர். அப்பருவத்தை நம் நாட்டு அரசும் சட்டமும் எவ்வாறு நோக்கின, எதனை வழங்கின, எதனை வழங்காது நிறுத்தின என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணவில் தொடங்கிய வரலாறு

தமிழகத்தில் குழந்தை நலக் கொள்கை உணவில் தொடங்கிற்று எனலாம். 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முற்பட்டது. 1950களின் பிற்பகுதியில் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவிற்று. ஆயினும் இவ்விரண்டும் பள்ளியில் சேர்ந்துவிட்ட பிள்ளையை நோக்கியவை. பள்ளி வயதை எட்டாத மழலை அவற்றின் எல்லைக்குப் புறத்தே நின்றது.

அக்குறையை நீக்கியவை இரு திட்டங்கள். ஒன்று, 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நடுவணரசு 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம். துணை உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மேல் மருத்துவத்திற்கு அனுப்புதல், தாய்மார்க்கு உணவு பற்றியும் உடல்நலம் பற்றியும் அறிவூட்டல், முன்பருவக் கல்வி என ஆறு பணிகளை அது ஒரே மையத்தில் இணைத்தது. அம்மையமே அங்கன்வாடி. மற்றொன்று, 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம். ஊர்ப்புறத்துத் தொடக்கப்பள்ளி மாணவரோடு இரண்டு வயது கடந்த மழலையரையும் அது சேர்த்துக்கொண்டது; அதே ஆண்டு செப்டம்பரில் நகர்ப்புறங்களுக்கும் விரிந்தது. மக்கள் வாக்கில் 'பால்வாடி' என வழங்கும் மையங்கள் சிற்றூர்தோறும் வேரூன்றிய காலம் அதுவே. இன்று தமிழகத்தில் 54,000க்கு மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன.

எடை காட்டிய பாடம்

இவற்றோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு முயற்சியும் உண்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் 1980ஆம் ஆண்டில் தமிழகத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையே சிறப்பாக நாடிற்று. மாதந்தோறும் குழந்தையை நிறுத்து, அட்டையில் எடையைக் குறித்து, வளர்ச்சி தளர்ந்த குழந்தைக்கு மட்டும் குறைந்தது 90 நாள் துணை உணவு தருவது அதன் முறை. எடை தேறியதும் உணவு நிறுத்தப்படும். தாய்க்கு அறிவுரை தொடரும்.

மெலிந்த குழந்தையை மெலிந்த பின்னரே காண்பது பழைய வழக்கம். மெலியத் தொடங்கும்போதே காண்பது இம்முறையின் சிறப்பு. பிள்ளைத்தமிழின் பருவங்களுக்குத் திங்கள் வரையறை கூறிய பாட்டியல் நூலார், மூன்றாம் திங்கள் முதலாக ஒற்றைப்படைத் திங்கள்களை அவற்றிற்கு உரியனவாக வைத்தனர். திங்கள்தோறும் பிள்ளையை உற்று நோக்கும் அக்கண்ணையே எடை அட்டையிலும் காண்கிறோம். கணக்கிடுவது அரசு அலுவலர்க்காக அன்று, தாயின் கண்முன் வளர்ச்சி தெரிவதற்காக என்னும் கருத்து இன்றும் மையங்களில் நிலைபெற வேண்டிய ஒன்றாகும்.

சட்டம் வகுத்த எல்லை

உணவுக்கு இத்துணை முயற்சி நிகழ்ந்திருக்க, கல்வியின் நிலை யாது? இவ்வினாவே நம் கட்டுரையின் உயிர்நிலை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகட்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. 'பதினான்கு வயது வரை' என்றதேயன்றி, எந்த வயது முதல் என அது வரையறுக்கவில்லை. மூன்று வயது மழலையும் அத்தொடருக்குள் அடங்கியே இருந்தது. உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தபோதும் கீழெல்லை வகுக்கப்படவில்லை.

2002ஆம் ஆண்டில் நிறைவேறிய 86ஆம் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமைகளின் வரிசையில் 21-அ பிரிவாக ஏற்றிற்று. அது போற்றத்தக்கதே. ஆயின் அவ்வுரிமை ஆறு முதல் பதினான்கு வயதுவரை என வரையறுக்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் பராமரிப்பும் முன்பருவக் கல்வியும் 45ஆம் பிரிவிலேயே, அரசு 'முயல வேண்டியது' என்னும் நெறியாக நின்றுவிட்டன. உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாம்; நெறிமுறை மீறப்பட்டால் அவ்வாறு நாட இயலாது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும் இந்நிலையையே உறுதி செய்தது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முன்பருவக் கல்விக்கான ஏற்பாட்டை அரசு 'செய்யலாம்' என்பதே அப்பிரிவின் சொல். 'செய்ய வேண்டும்' என்பதற்கும் 'செய்யலாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இலக்கணம் பயின்ற நமக்குப் புதியதன்று. முன்னது கடப்பாடு, பின்னது இசைவு.

இதற்கு மாறாக, 2013ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியே இலவச உணவு பெறும் உரிமையைத் தந்தது. ஆக, ஒரே மையத்தில், ஒரே பாயில் அமர்ந்திருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்குத் தட்டில் உள்ள உணவு சட்டம் தந்த உரிமை. அதன் காதில் விழும் கதையும் பாட்டும் அரசின் விருப்பம்.

விருப்பத்தின் நிலையாமை

விருப்பத்தில் நிற்கும் ஒன்று எவ்வளவு உறுதியற்றது என்பதைத் தமிழகத்தின் அண்மைக்கால நிகழ்ச்சியே காட்டுகிறது. 2019ஆம் ஆண்டில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஏழைப் பெற்றோர் பலர் அவற்றை ஆர்வத்துடன் வரவேற்றனர். உபரி இடைநிலை ஆசிரியர்கள் அவ்வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டபோது எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. 2022ஆம் ஆண்டில் அவ்வகுப்புகள் பள்ளியினின்று நீக்கப்படும் என்னும் நிலை தோன்றி, பெற்றோரும் கல்வியாளரும் கண்டித்த பின்னரே அவை தொடர்ந்தன. தொடக்கப்பள்ளியின் ஒன்றாம் வகுப்பை மூடுவதாக எந்த அரசும் அறிவிக்க இயலாது, அது உரிமை. மழலையர் வகுப்புக்கு அப்பாதுகாப்பு இல்லை.

மற்றொரு முரணும் சுட்டத்தக்கது. கல்வி உரிமைச் சட்டப்படி, அதற்கு உட்பட்ட தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகட்கு ஒதுக்க வேண்டும். மழலையர் வகுப்பு உள்ள பள்ளியில் அவ்வகுப்பிலேயே அவ்வொதுக்கீடு தொடங்கும். தனியார் பள்ளியின் மழலையர் வகுப்பில் ஏழைக் குழந்தைக்கு இடம் உண்டு எனக் கட்டாயமாக உரைத்த அதே சட்டம், அரசு தானே அத்தகைய வகுப்பை நடத்துவதை மட்டும் 'செய்யலாம்' என்னும் சொல்லில் விட்டது வியப்பிற்குரியது.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள காலத்தை அடித்தள நிலை என ஒன்றாக இணைத்தது. மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டிற்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்கிறது என்றும் அக்கொள்கை உரை கூறுகிறது. அக்கொள்கையின் பிற கூறுகளில் தமிழகத்திற்குள்ள கருத்து வேறுபாடுகள் யாவரும் அறிந்தவை. எனினும் முதல் ஆறாண்டின் அருமையை மறுப்பார் எவருமிலர். அருமை உணர்ந்த பின்னும் அதனை உரிமையாக்காமை எற்றுக்கு என்பதே நம் வினா.

முற்றத்தில் நிகழ்வது கல்வியே

'அங்கன்' என்பது வடநாட்டு மொழிகளில் முற்றத்தைக் குறிக்கும். 'அங்கணம்' என்னும் சொல் தமிழிலும் முற்றம் என்னும் பொருளில் வழங்கியதுண்டு. வீட்டு முற்றத்தின் இயல்பு அமையுமாறே இம்மையங்கட்குப் பெயரிடப்பட்டது. ஆயினும் 'சோறு போடும் இடம்' என்னும் எண்ணமே நம் மக்களிடையே மிகுந்துள்ளது. சற்று வசதி வந்ததும் பிள்ளையை அங்கிருந்து நீக்கி, வாடகைக் கட்டடத்து நர்சரிப் பள்ளியில் சேர்க்கின்றனர். அங்கே மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சில் திணிக்கப்படுகிறது; வீட்டுப்பாடம் தரப்படுகிறது; விரல் நரம்பு உறுதிபெறாத பிள்ளை எழுத்தை வெறுக்கக் கற்கிறது.

தமிழக மையங்களுக்கு வகுக்கப்பட்டுள்ள பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பதாகும். கதை, பாட்டு, நிறம், வடிவம், உடலுறுப்பு, விலங்கு, பறவை என அமைந்த அது, பிள்ளைத்தமிழின் நெறிக்கு நெருங்கியது. குழந்தை உளவியலுக்கும் இசைந்தது. திட்டம் நன்றாயிருப்பினும், அதனை நிறைவேற்ற வேண்டிய பணியாளரின் நேரம் பதிவேடுகளிலும் கணக்கெடுப்பிலும் கரைந்துவிடுகிறது. உணவு உரிமையாதலின் அதற்குக் கணக்குக் கேட்பர். கதை சொன்னதற்குக் கணக்குக் கேட்பார் இல்லை.

அப்பணியாளரின் நிலையும் எண்ணத்தக்கது. நெடுங்காலம் மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே அவர்கள் நாடெங்கும் கருதப்பட்டனர். அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தையின் கல்விக்கும் அதனைக் கற்பிக்கும் பெண்ணின் உழைப்புக்கும் மதிப்புக் குறைவு ஒரே காரணத்தால் நேர்ந்தது. தாய் செய்யும் வேலைதானே என்னும் அலட்சியமே அக்காரணம்.

வீட்டிலிருந்து உழைக்கும் தாய்

குழந்தைப் பராமரிப்பு என்பது தாயின் உழைப்போடு பிணைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் தொழிற்கூடங்களுக்குக் காப்பகத்தை விதித்தது. 2017ஆம் ஆண்டு மகப்பேற்று நலத் திருத்தம் 26 வார விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகத்தையும் கூறிற்று. இவை யாவும் வேலையிடத்தைச் சார்ந்த சலுகைகள். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களை ஓரத்திலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் தாய்க்கு ஆலையும் இல்லை, ஆலைக் காப்பகமும் இல்லை. புகையிலைத் தூள் படியும் அதே அறையில்தான் அவள் குழந்தை தவழ்கிறது. நம் சமுதாயப் பெண்கள் பலர் இத்தொழிலில் உள்ளனர். இத்தகைய தாய்க்கு எட்டக்கூடிய ஒரே காப்பகம் தெருக்கோடி அங்கன்வாடியே. அது முழுநாளும் இயங்கினால் குழந்தைக்குத் தூய காற்றும் தாய்க்கு ஓய்வும் கிட்டும்.

நாம் செய்யத்தக்கன

உரிமை வரும்வரை கைகட்டி நிற்றல் அறிவுடைமை அன்று. கிடைத்துள்ள வழிகளை முதற்கண் பயன்படுத்த வேண்டும். உணவுரிமை வழக்கில் 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேரேனும் இருந்து மையம் இல்லாத சிற்றூர்க்கும் குடிசைப் பகுதிக்கும், மக்கள் கேட்ட மூன்று மாதத்திற்குள் மையம் தரப்பட வேண்டும் என்றது. நம் தெருவில் குழந்தைகள் எத்தனை பேர் என எண்ணுவதே முதற்பணி.

அப்பணிக்கு நம் மாணவர்களே ஏற்றவர்கள். காந்தியடிகள் நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும் என்கிறது. சிறப்பு முகாமின் ஏழு நாள்களையும் சாலை செப்பனிடுதலிலும் மரக்கன்று நடுதலிலும் மட்டுமே கழிக்க வேண்டுவதில்லை. ஒரு பகுதியின் மழலையரைக் கணக்கெடுக்கலாம். மையத்தில் கதை சொல்லலாம். பாட்டிமார் அறிந்த தாலாட்டையும் விளையாட்டுப் பாடலையும் தொகுத்துப் பணியாளரிடம் தரலாம். தமிழ்த்துறை மாணவர்க்கு இது நாட்டுப்புறவியல் களப்பணியாகவும் அமையும். இளைஞர் நலத்திட்டமும் குழந்தை நலத்திட்டமும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கும்.

ஜமாஅத் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நகர்ப்புறத்தில் மையங்களுக்குக் காற்றோட்டமான இடம் கிடைப்பது அரிது. பொதுக் கட்டடங்களில் பகல்நேரத்தில் பூட்டிக் கிடக்கும் கூடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் திறந்துவிட்டால் முப்பது குழந்தைகள் நிழலில் அமர்வர். காலையில் ஓதும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை பின்னர் அங்கன்வாடிக்குச் செல்வதில் எவ்விதத் தடையுமில்லை. தாய்மார் மையத்திற்குச் சென்று, இன்று என்ன உணவு என்று கேட்பதோடு, இன்று என்ன கதை என்றும் கேட்கப் பழக வேண்டும்.

முடிவுரை

ஆயிரம் விளக்குப் பள்ளியின் சிற்றுண்டி உரிமையாக மலர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. மக்கள் கேட்டனர், ஆட்சியாளர் இசைந்தனர், நீதிமன்றம் வற்புறுத்திற்று, இறுதியில் சட்டம் வந்தது. முன்பருவக் கல்வியும் அவ்வழியே வர வேண்டியதாகும். 11ஆம் பிரிவில் உள்ள 'செய்யலாம்' என்னும் ஒரு சொல் 'செய்ய வேண்டும்' என மாறினால், மூன்று வயதுக் குழந்தைக்கும் முதல்முறையாகச் சட்டத்தில் ஓர் இடம் கிடைக்கும். அம்மாற்றத்தைக் கோருவது கற்றவரின் கடன். அதுவரை நம் தெருவின் முற்றத்தில் பாட்டும் கதையும் ஓயாமல் காப்பது நம் அனைவரின் கடன்.