தீக்கனவும் தெளிவும்

கனவு காணாத மாந்தர் இலர். நற்கனவு கண்டவர் அதனை விரைவில் மறப்பர். தீக்கனவு கண்டவரோ பன்னாள் அஞ்சுவர். இரவில் அலறிய குழந்தைக்குத் தாயத்துக் கட்டுவதும், ஒரு கனவைக் காரணங்காட்டித் திருமணப் பேச்சை நிறுத்துவதும் நம் இல்லங்களிலும் நிகழ்கின்றன. ஆதலின் கனவின் இயல்பை அறிதல் நம் கடமையாகும்.

நாம் வாழும் கம்பத்தின் தெற்கே, கூடலூரை அடுத்த மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் மக்கள் அங்குச் சென்று வழிபடுவர். அக்கண்ணகியும் தீக்கனவு கண்டவளே. கணவன் தன் கைப்பிடித்து ஒரு பெருநகர்க்கு அழைத்துச் சென்றதாகவும், அங்கு அவனுக்குத் தீங்கு நேர்ந்ததாகவும் தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் அவள் கூறுகிறாள். சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் நீர்நிலைகளில் நீராடிக் காமவேளை வழிபடுமாறு தேவந்தி சொல்ல, அது பெருமையன்று எனக் கண்ணகி மறுக்கிறாள். இதனைச் சிலப்பதிகாரத்தின் ‘கனாத்திறம் உரைத்த காதை’யில் காணலாம்.

“அக்கனவு பலித்ததன்றோ?” எனச் சிலர் வினவலாம். பின்வருவதைக் கனவால் முன்னுணர்த்துதல் காப்பிய மரபு. சீவக சிந்தாமணியில் விசயை கண்ட கனவும் அத்தகையதே. தீர்த்தங்கரரின் அன்னையர் கண்ட பதினாறு கனவுகளோ அரும்பிறப்பைக் குறிப்பன. அவற்றைக் கொண்டு நம் அன்றாடக் கனவுகளுக்குப் பலன் கூறுதல் பொருந்தாது.

உறக்கத்தில் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்தசையும் ஒரு நிலை உண்டு என்பதைச் சிகாகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் 1953-இல் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போது தோன்றுகின்றன. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் அந்நிலை, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. விடியற்காலைக் கனவு நினைவில் நிற்பது இதனாலேயே; பலிப்பதற்காக அன்று. அவ்வேளை மூளையில் உணர்ச்சிக்குரிய பகுதி முனைப்பாகவும், ஆராய்ந்து தெளியும் பகுதி தளர்ந்தும் இருக்கும். ஆகவே பகலில் அடக்கிய அச்சம் இரவில் உருக்கொள்கிறது. உடல் தசைகளும் அப்போது செயலற்றிருக்கும். விழித்த பின்னும் அந்நிலை சிறிது நீடிப்பதையே ‘அமுக்குவான் பேய்’ என மக்கள் அஞ்சுகின்றனர்.

மனக்கவலை, துயர நிகழ்வு, காய்ச்சல், உறக்கக் குறைவு, சில மருந்துகள் ஆகியன தீக்கனவைத் தூண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கன:

1. முன்னிரவில் குழந்தை அலறிக் காலையில் ஏதும் நினைவின்றி இருப்பின், அது பெரும்பாலும் கனவன்று. ஆழ்துயிலில் தோன்றும் அச்சநிலை. உலுக்கி எழுப்பாது, அடிபடாமல் காத்து அருகிருங்கள்.

2. பின்னிரவில் அழுதெழுந்து கனவைச் சொல்லும் குழந்தையை அணைத்துக் கேளுங்கள். பகலில் அதனை வரையச் செய்து, முடிவை நல்லதாக மாற்றிச் சொல்லச் செய்யுங்கள். மருத்துவரும் இத்தகைய முறையைக் கையாள்கின்றனர்.

3. அடிக்கடி நேரின் மருத்துவரை அணுகுங்கள்.

4. கதிர் மறையுமுன் உண்டு, எவ்வுயிரிடத்தும் பொறுத்தருள வேண்டிப் பஞ்ச நமஸ்காரம் ஓதி உறங்கும் நம் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். அமைதியுற்ற மனம் எளிதில் துயிலும்.

தேவந்தியைப் போல் செவிகொடுத்துக் கேட்போம். கண்ணகியைப் போல் பரிகாரத்தை மறுப்போம். அஞ்சிய குழந்தைக்கு வேண்டுவது தாயத்தன்று, துணையே.