விசாவுக்குத் தரும் பணிச் சான்றுகள்: யாரிடம், எவ்வளவு?

வெளிநாட்டுப் பயணம் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இன்று எட்டாத ஒன்றல்ல. ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்றவர்களில் ஒரு குழுவினரைப் பள்ளிக் கல்வித் துறையே 2024 அக்டோபரில் பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றது. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கோடை விடுமுறையில் புறப்படும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். நம் மாணவர்களின் அப்பாக்களும் அண்ணன்களும் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். இவர்கள் அனைவரும் புறப்படுமுன் ஒரு தாள்கட்டைத் தயார் செய்கிறார்கள். அந்தக் கட்டைப் பற்றித்தான் இக்கட்டுரை.

ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பணியில் இருப்பவர்களிடம் பொதுவாகக் கேட்பவை: பணிச் சான்று, விடுப்பு அனுமதி, கடைசி மூன்று மாத ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரி ஆவணம். அரசுப் பணியாளர் என்றால் துறையின் தடையின்மைச் சான்றும் சேரும். ஓர் ஊதியச் சீட்டை எடுத்து ஆசிரியர் கண்ணோடு படித்துப் பாருங்கள். பெயர், பதவி, பணியாளர் எண், பான் எண், வங்கிக் கணக்கு எண், சேமநல நிதி எண், சங்கக் கடன் பிடித்தம் எனப் பலவும் அதில் இருக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் வெளியே போனால் பெரிய கேடில்லை. ஆதார் நகலும் கையொப்பமும் புகைப்படமும் இதோடு ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால், நம் பெயரில் கடன் கேட்கவோ சிம் கார்டு வாங்க முயலவோ வேறொருவருக்கு வழி பிறக்கிறது. “சார், உங்கள் இந்த மாதச் சம்பளம் இவ்வளவுதானே” என்று தொடங்கும் மோசடி அழைப்பை நம்பாமல் இருப்பதும் கடினம்.

இங்கே ஒரு தவறான புரிதலையும் தவிர்க்க வேண்டும். தூதரகத்திடம் எதையும் மறைக்கக் கூடாது. வங்கி அறிக்கையில் சில வரிகளைக் கறுப்பு மையால் அழித்துக் கொடுத்தால் சந்தேகம்தான் வரும், விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் கூடும். ஆபத்து பெரும்பாலும் வழியில் இருக்கிறது. காணையில் வீட்டை விட்டுக் கிளம்பும் அந்தக் கட்டு, விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு கணினி மையம், ஒரு டிராவல்ஸ் அலுவலகம், அங்குள்ளவரின் வாட்ஸ்அப் எனப் பல கை மாறித்தான் சென்னை விசா மையத்தை அடைகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு நகல் தங்கிவிடுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. பிரிட்டன் விசாவுக்கான இணைய விண்ணப்பங்களை இந்தியாவில் வி.எஃப்.எஸ். நிறுவனம் பெற்றுவந்தது. இணையப் பக்க முகவரியில் உள்ள எண்ணைச் சற்றே மாற்றினால் வேறொருவரின் விண்ணப்பம் திறப்பதை, 2005 டிசம்பரில் இந்திய விண்ணப்பதாரர் ஒருவர் கவனித்துப் புகார் செய்தார். குறை சரியாகத் தீர்க்கப்படவில்லை. 2007 மே மாதம் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி செய்தி வெளியிட்ட பிறகுதான் அந்தத் தளம் மூடப்பட்டது. தனி விசாரணை நடந்தது. அந்நாட்டு வெளியுறவு அலுவலகம் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக அவ்வாண்டு நவம்பரில் தகவல் ஆணையர் அலுவலகம் முடிவு கூறியது. தொழில்நுட்ப வல்லுநர்கள் பலர் இருக்க, தவறைக் கண்டது ஒரு சாதாரண விண்ணப்பதாரரின் கவனம் என்பதை மாணவர்களிடம் அவசியம் சொல்லலாம்.

நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த நோக்கத்திற்காகக் கேட்கப்படுகிறதோ அதற்குத் தேவையான தகவலை மட்டும் பெற வேண்டும் என்பது இச்சட்டத்தின் உயிர்நாடி. சட்டம் இருக்கட்டும். நம் கையில் இருப்பதை முதலில் பார்ப்போம்.

அடையாளத்திற்கு ஆதார் கேட்டால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே பதிவிறக்கலாம். பலரும் இதை இன்னும் அறியவில்லை. 2022 மே மாத இறுதியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலை எவரிடமும் கொடுக்க வேண்டாம் என எச்சரித்தது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. குழப்பம் நினைவில் நின்றது, மறைக்கப்பட்ட ஆதார் மறந்துபோனது!

நகலின் மேல் குறுக்காக, “பிரான்ஸ் விசா விண்ணப்பத்திற்கு மட்டும்” என்று தேதியுடன் எழுதிக் கையொப்பமிடுவது பழைய வழிதான். இன்றும் பயன்படுகிறது. எழுத்து, எண்களின் மேல் படாமல் இருக்கட்டும். அசலில் எழுதவே கூடாது. கணினி மையத்தில் பதிவேற்றினால், பதிவிறக்கக் கோப்புறையிலும் மறுசுழற்சித் தொட்டியிலும் கிடக்கும் கோப்புகளை அழித்து, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் எழ வேண்டும். ஓ.டி.பி. எண்ணைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறையவே உண்டு.

பணிச் சான்று கேட்டால் பணிப்பதிவேட்டின் பக்கங்களையே நகலெடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அங்க அடையாளங்கள், வாரிசு நியமனம், குடும்ப விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. பணியில் சேர்ந்த நாள், பதவி, ஊதியம், விடுப்புக் காலம் ஆகியவை கொண்ட ஒரு பக்கச் சான்றே போதும். தலைமையாசிரியர்களும் அலுவலக நண்பர்களும் இதில் பெரிதும் உதவ முடியும். குழுவாகப் பயணம் செல்லும்போது அனைவரின் பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண், கைப்பேசி எண் கொண்ட பட்டியலைப் பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “சரிபார்த்துக்கொள்ளவும்” என்பதும் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவர் வரியை மட்டும் அனுப்பக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம், அவ்வளவுதான்.

நம்மைவிட அதிகம் இழப்பவர்கள் வேலை தேடிச் செல்லும் நம் பழைய மாணவர்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத கடவுச்சீட்டு கிடைக்கும். ஆகவே நாம் வழங்கும் மதிப்பெண் சான்று அவர்களின் பயண ஆவணமும் ஆகிறது. அதன் அசலையும் கடவுச்சீட்டையும் முகவரிடம் அடகு போலக் கொடுத்துவிடுகிறார்கள். கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து என்கிறது 1967ஆம் ஆண்டுச் சட்டம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெறாத முகவர் ஆள் சேர்க்கவே கூடாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் செயல்படுகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீண்டு வந்தனர். அதுபோன்ற கும்பலுக்குத் தற்குறிப்பும் கடவுச்சீட்டு நகலும் முதல் நாளே கிடைத்துவிடுகின்றன.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடவேளையில் இதைச் செய்து பார்க்கலாம். கற்பனையான ஒருவரின் ஊதியச் சீட்டு, பணிச் சான்று, ஆதார் மாதிரிகளைக் கரும்பலகையில் வரைந்துவிடுங்கள். உண்மையான எவருடைய ஆவணமும் வேண்டாம், ஆசிரியருடையதும் வேண்டாம். வகுப்பைத் தூதரகம், டிராவல்ஸ், ஜெராக்ஸ் கடை, முகநூலில் வேலை விளம்பரம் போட்டவர் என நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கு எந்தெந்த விவரம் வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்க வேண்டும். விண்ணப்பதாரராக நிற்கும் மாணவி கொடுக்கலாம், மறுக்கலாம், “எதற்கு?” என்று திருப்பிக் கேட்கலாம். ஜெராக்ஸ் கடைக் குழுவுக்குக் கேட்க ஒன்றுமே இருக்காது. ஆனாலும் எல்லா ஆவணமும் அந்த மேசையின் மீதுதான் கிடக்கும். விவாதம் பெரும்பாலும் அங்கேதான் சூடுபிடிக்கும். பாடவேளை முடியுமுன், பண மோசடி நேர்ந்தால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் செய்து, அன்று மாலை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லச் சொல்லுங்கள்.