விரதமும் எடை மெஷினும்

ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டே வாரத்தில் நின்றுவிடுகிறவர்கள்கூட, கந்த சஷ்டி என்றால் ஆறு நாள் விரதத்தை அசராமல் முடித்துவிடுவார்கள். எடை குறைக்க அந்தப் பிடிவாதத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒருபொழுது இருக்கும் நாளில் ஆபத்து ராத்திரிப் பலகாரத்தில்தான். சோறுதானே கூடாது என்று ஜவ்வரிசி உப்புமா, வாழைக்காய் பஜ்ஜி, நெய் மினுங்கும் கேசரி என்று இறங்கினால், விட்ட சாப்பாட்டைவிடக் கூடுதலாகவே உள்ளே போகும். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. ஒரு கிராம் நெய்யில் சுமார் 9 கலோரி. சுண்டல், நீர்மோர், ஒரு கொய்யாப்பழம் போதும்.

பிரசாதத்தை மறுக்க மனசு வராது, மறுக்கவும் வேண்டாம். தொன்னையை வாங்காமல் உள்ளங்கையை நீட்டுங்கள். சர்க்கரைப் பொங்கல் ஒரு வாய்தான் விழும்.

நடைக்குத் திருவண்ணாமலை கிரிவலத்தை இலக்காக வைக்கலாம். 14 கிலோமீட்டர், திடீரென்று நடந்தால் கால் பிடித்துக்கொள்ளும். இப்போதிருந்தே கோயிலுக்கு வண்டியை எடுக்காதீர்கள். பிராகாரத்தை மூன்றுக்குப் பதில் ஒன்பது முறை சுற்றுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினி விரதத்துக்கு முன் டாக்டரிடம் மருந்து அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.