தரைக்கு மேலே ஒரு குளிரடுக்கு

பகலில் வெயிலேறிய நிலம், கதிரவன் மறைந்தபின் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானை நோக்கி உமிழ்கிறது. மேகம் சூழ்ந்த இரவில் அவ்வெப்பத்தின் ஒரு பகுதி தரைக்கே திரும்பும். தெளிந்த இரவில் கூடுதலான பகுதி வெளியேறிவிடும். நிலம் குளிர, அதனைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. ஆகவே, இரவில் தரையை ஒட்டிய காற்றே மிகக் குளிர்ந்தது என்று அறிவியலார் நெடுங்காலம் கருதினர்.

இக்கருத்தை அசைத்தவர் எல். ஏ. ராமதாஸ். சி. வி. இராமனிடம் ஆய்வு பயின்ற இவர், இந்தியாவில் வேளாண் வானிலையியலுக்கு அடித்தளமிட்டவர். 1932இல் ஆத்மநாதனுடன் இணைந்து இவர் வெளியிட்ட அளவீடுகள், காற்றசைவற்ற தெளிந்த இரவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை தரையில் இல்லை என்று காட்டின. அது தரைக்குச் சில பத்துச் சென்டிமீட்டர் மேலே இருந்தது!

பலர் இதனை ஏற்கவில்லை. அவர்களது ஐயம் பொருளற்றதன்று. குளிர்காற்று அடர்த்தி மிக்கது. வெப்பக்காற்று அடர்த்தி குறைந்தது. அடர்ந்தது மேலும் இலேசானது கீழும் இருந்தால், இரண்டும் புரண்டு கலந்துவிட வேண்டுமே! கருவியில் பிழை என்றனர் சிலர். அயலிலிருந்து வழிந்துவந்த குளிர்காற்று என்றனர் வேறு சிலர். ஆயினும், பின்னர் வெவ்வேறு இடங்களில் அளந்தவர்களும் அவ்வடுக்கைக் கண்டனர். இன்று அது 'ராமதாஸ் அடுக்கு' என வழங்குகிறது.

விடை கதிர்வீச்சில் இருந்தது. நிலம் மட்டுமன்று, நீராவியும் நுண்துகள்களும் கலந்த காற்றும் வெப்பத்தை உமிழ்கிறது. நிலத்திற்கு அடிமண்ணிலிருந்து வெப்பம் வந்து சேர்கிறது. அதற்குச் சற்று மேலுள்ள காற்றுக்கோ அத்தகைய சேமிப்பு இல்லை. பெங்களூரில் ரொத்தம் நரசிம்மாவும் அவர்தம் குழுவினரும் 1990களில் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் அளித்தனர். நுண்துகள்களின் பங்கைப் பின்வந்த ஆய்வுகள் வலியுறுத்தின.

இவ்வடுக்கு மிகவும் மென்மையானது. காற்று வலுத்து வீசினால் கொந்தளிப்பு எழும். சுழல்கள் மேலேயுள்ள வெதுவெதுப்பான காற்றைக் கீழே இழுத்து அடுக்கைக் கலைத்துவிடும். குளிர்நாட்டுப் பழத்தோட்டங்களில் உறைபனி இரவுகளில் பெரிய விசிறிகளைச் சுழலவிடுவதும் இவ்வாறு காற்றைக் கலப்பதற்கே.

வானிலை நிலையத்தின் வெப்பமானி தரைக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காய்கறிச் செடியின் தளிரோ முழங்கால் உயரத்தில் நிற்கிறது. வெப்பமானி உறைநிலைக்கு மேல் காட்டும் இரவிலும் அத்தளிர் கருகக்கூடும்.