கை செய்வதையே குரல் சொல்லட்டும்

பெங்களூரு

அன்புள்ள தங்கைக்கு,

எழுத்தறியாத தாய்மாருக்காக நீ இணையத்தில் வெளியிடச் சுகாதார வீடியோக்கள் எடுக்கிறாய். இப்படி வீடியோ எடுக்கும்போது, எழுத்தை நீக்கிப் படத்தையும் குரலையும் கூட்டினால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். போதாது என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. இங்குள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் இந்திராணி மேதி, அர்ச்சனா பிரசாத், கென்டாரோ டொயாமா மூவரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 நோய் அறிகுறிகளை எழுத்து, ஓவியம், புகைப்படம், அசையும் ஓவியம், வீடியோ என ஐந்து வகையாக்கி, குரலோடும் குரலின்றியும் எழுத்தறியாத 200 பேரிடம் சோதித்தார்கள். குரல் சேர்ந்தபோது பொதுவாக விரைவில் புரிந்தது. ஆனால் படமும் குரலும் சேர்ந்து வருவதே குழப்பவும் கூடும் என்று தெரிந்தது. தகவல் செறிந்த வடிவம்தான் நன்றாகப் புரியும் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை.

ஆகவே ஒரு காட்சியில் ஒரே செயல் இருக்கட்டும் என்கிறேன். வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். கரைசலையே எடுத்துக்கொள். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு. கூடினால் பலன் குறைவு. கடைகளில் ஒரு லிட்டருக்கான பொட்டலமும் உண்டு, 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் உண்டு. எந்தப் பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதுதான் அந்த வீடியோவின் உயிர். லிட்டர் பாட்டிலை நிரப்புவதையும், பெரிய பொட்டலம் முழுவதும் காலியாவதையும் நிதானமாகக் காட்டு. அந்த நேரத்தில் பின்னணி இசையும் நீரிழப்பு விளக்கமும் எதற்கு? அபாய அறிகுறிகளை விட்டுவிடலாமா என்று மருத்துவர்கள் கேட்பார்கள்; நியாயமான கேள்வி. விடவேண்டாம், அதற்கென்று தனி வீடியோ எடு.

சினிமா பார்த்தே வளர்ந்த மக்களுக்கு இதுவா புரியாது என்றும் கேட்பார்கள். சினிமாவில் ஒரு காட்சி தவறினாலும் கதை பிடிபட்டுவிடும்; இங்கே ஓர் அளவு தவறினால் கரைசலே தவறு. இதைவிடப் பெரிய சிக்கல், இணையத்தில் பார்ப்பவருக்குச் சந்தேகம் கேட்க ஆளில்லை என்பது. அதே ஆய்வகத்தில் 2006இல் உழவர்களுக்காகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டம், அவர்களைச் சிறு குழுவாக உட்கார வைத்து, வீடியோவை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்கும் முறையைக் கையாண்டது. நீயும் ஒவ்வொரு படிக்குப் பிறகும் சற்று இடைவெளி விடு. வீடியோவைக் காட்டும் ஆஷா சுகாதாரப் பணியாளர் நிறுத்திப் பேச அது உதவும். வெளியிடுமுன் சோதிக்கும்போது "புரிந்ததா?" என்று கேட்காதே, மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள். பொட்டலத்தையும் பாட்டிலையும் கையில் கொடுத்துக் கலக்கச் சொல். முகம் தெரியாமல் கைகளை மட்டும் படமெடுத்தால் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என எந்தக் குரலையும் சேர்க்கலாம். ஆனால் கன்னடத்தில் தேறியது தமிழிலும் தேறும் என்று எண்ணிவிடாதே. ஒவ்வொரு மொழித் தாய்மாரிடமும் தனித்தனியே சோதித்துவிட்டு வெளியிடு.

அன்புடன்,
அக்கா