டப்பென்ற சத்தமும் ரப்பர் பாலும்

"கம்பிரசர் இல்லாமல் டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்காராது." கேமரன் மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் இப்படியொரு நம்பிக்கை உண்டு. இதை நம்பி, ஒற்றைச் சக்கரத்தைக் காரில் போட்டுக்கொண்டு ஈப்போவுக்கு இறங்குவது வீண் பெட்ரோல் செலவு.

டயர் உட்காரத் தேவைப்படுவது பெரிய அழுத்தம் இல்லை, வேகம்தான். ஓரங்களில் கசிவதைவிட விரைவாகக் காற்று உள்ளே போனால் போதும். வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைக் கழற்றிவிட்டால் காற்றுப் போகும் வழி அகலமாகும். டயரின் இரண்டு ஓரங்களிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். பிறகு வீட்டில் நின்றபடி அடிக்கிற பம்பே போதும். அப்படியும் ஏறவில்லையென்றால் பழைய டியூபைப் போட்டுக் காற்றடித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி டியூபை உருவினால், மறுபக்கம் உட்கார்ந்தபடியே இருக்கும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மடித்து விற்ற புது டயர் மலைமேல் தானா ராத்தா குளிரில் விறைத்துக்கொள்ளும் என்பதால், முதலில் கொஞ்ச நேரம் வெயிலில் வைப்பது நல்லது.

லைட்டர் பெட்ரோலைத் தெளித்துத் தீ வைப்பது லாரி டயர் கடையில் பார்த்த வித்தை. டயர் ஏறும்தான், கூடவே ரிம் டேப்பும் உங்கள் புருவமும் போகும்.

அடுத்தது, "டப்பென்று சத்தம் கேட்டால் வேலை முடிந்தது" என்பது. குழப்பமெல்லாம் இங்கேதான். டயர் உட்காருவது ஒன்று, காற்றுக் கசியாமல் அடைபடுவது வேறொன்று. உட்கார்ந்துவிட்டதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில், ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். அது எந்த இடத்திலாவது ரிம்முக்குள் முங்கியிருந்தால் அங்கே டயர் இன்னும் ஏறவில்லை. அதற்காக அளவுக்கு மீறிக் காற்றடிக்கக் கூடாது. டயரில் ஓர் உச்ச அளவு, ரிம்மில் ஓர் உச்ச அளவு இருக்கும். இரண்டில் குறைவானதுதான் கணக்கு. கொக்கி இல்லாத ரிம்முக்கு உச்சவரம்பு 5 பார், அதாவது ஏறக்குறைய 72 பிஎஸ்ஐ. அதற்குள் ஏறாவிட்டால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி அடியுங்கள்.

இரவோடு இரவாகக் காற்று இறங்கினால் பலரும் டயரைத்தான் திட்டுகிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் ரிம் டேப். 1999-இல் மாவிக் நிறுவனம் டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தபோது, அந்த ரிம்மின் உட்புறத்தில் கம்பிகளுக்கான ஓட்டையே இல்லை, டேப்பும் வேண்டியிருக்கவில்லை. இன்றைய ரிம்கள் பெரும்பாலானவற்றில் ஓட்டை உண்டு, அதை மூடுவது டேப்தான். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கம்பிகளின் அடியில் குமிழி வந்தால் டேப்பை மாற்ற வேண்டும். வால்வின் அடியில் வந்தால் அதன் நட்டை விரலால் இறுக்குங்கள். குறடு வேண்டாம், நடுவழியில் கழற்றவே முடியாமல் போகும். டயரின் பக்கத்தில் பொடிப்பொடியாக வந்தால் மட்டும் டயருக்குள் ஊற்றும் சீலண்ட் பார்த்துக்கொள்ளும்.

அந்தச் சீலண்டை ஏதோ மேல்நாட்டு மந்திரத் திரவம் என்று நினைப்பவர்கள் உண்டு. கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, பேராக் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பால்வெட்டி எடுத்த அதே ரப்பர் பால்தான். பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள், ஆலைக்கு வந்ததும் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைப்பார்கள். பல சீலண்ட் பாட்டில்களைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது அதே அம்மோனியா நெடி. பஞ்சரான இடத்தில் பால் வெளியே பீறிட, அதில் கலந்திருக்கும் துகள்கள் ஓட்டையில் சிக்க, சுற்றிலும் பால் உறைந்து அடைக்கிறது.

இது தெரிந்தால், "கரியமில வாயு உருளைதான் சிறந்தது" என்பதும் ஆட்டம் காணும். டயரை அது நொடியில் ஏற்றிவிடும், உண்மை. ஆனால் அந்த வாயு ஈரத்தில் கரைந்தால் லேசான அமிலமாகும். ரப்பர் பாலுக்கு அமிலம் என்ன செய்யும் என்று எந்தப் பால்வெட்டுக்காரரும் சொல்வார். சில சீலண்டுகள் உள்ளேயே கட்டிக்கொள்ளும். பாட்டிலில் அனுமதி இருந்தாலொழிய, வாயுவால் டயரை ஏற்றிவிட்டு, அதை வெளியேற்றியபின் சீலண்ட் ஊற்றி, பம்பால் அடியுங்கள்.

29 அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 100 மில்லி அளவு சரி. ஒருமுறை ஊற்றினால் ஆயுளுக்கும் போதும் என்பது கற்பனை. சில மாதங்களில் காய்ந்துவிடும், மலையடிவாரத் தாப்பா வெயிலில் நிற்கும் காருக்குள் இன்னும் சீக்கிரம்.

தாப்பாவிலிருந்து காரில் ஏற்றிவரும்போது காற்று விரிந்து டயர் கழன்றுவிடும் என்று பயந்து பாதிக் காற்றை இறக்குகிறவர்களும் உண்டு. தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரில் 2 பிஎஸ்ஐ சொச்சம் கூடும். மலைக்குளிரோ அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும். மிஞ்சுவது ஒரு பிஎஸ்ஐகூட இருக்காது.

கடைசியாக, "சீலண்ட் எல்லா ஓட்டையையும் அடைக்கும்." சுங்கை பாலாஸ் போன்ற தேயிலைத் தோட்டப் பக்கம், அனுமதி வாங்கித்தான், ஓட்டிப் பாருங்கள். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி காய்ந்தால் ஆணிதான். டயரின் நடுவில் குத்தினால் சில மில்லிமீட்டர் வரை பால் அடைக்கும். அதற்கு மேல் ரப்பர் திரி செருக வேண்டும். பக்கவாட்டில் கிழித்தால் உள்ளே ஒட்டுப் போட்டு டியூபை மாட்டுவதுதான் வழி. மாட்டுமுன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பார்த்து முட்களைப் பிடுங்கிவிடுங்கள். இத்தனை நாளும் சீலண்ட் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்த முட்கள் அவை, முதல் திருப்பத்திலேயே டியூபைப் பதம் பார்த்துவிடும்.