உணர்கொம்பின் பகுதிகளும் வயற்பூச்சிகளை இனங்காணுதலும்

பூச்சியின் தலையிலிருந்து நீண்டு நிற்கும் ஒரு சோடி உறுப்புகள் உணர்கொம்புகள் எனப்படும். மணத்தையும் தொடுகையையும் காற்றின் அசைவையும் பூச்சி பெரும்பாலும் இவற்றாலேயே அறிகின்றது. ஒவ்வொரு கொம்பிலும் மூன்று பகுதிகள் உள.

1. அடித்துண்டம்: தலையிலுள்ள குழியிற் பொருந்தியிருப்பது. கொம்பை அசைக்கும் தசைகள் தலையினுள்ளும் இத்துண்டத்தினுள்ளும் அமைந்துள்ளன.

2. இடைத்துண்டம்: அசைவை உணரும் உறுப்பைத் தன்னகத்தே கொண்டது. நுளம்பின் இவ்வுறுப்பை 1855ஆம் ஆண்டில் ஜோன்ஸ்டன் என்பார் விவரித்தார். பெண் நுளம்பின் சிறகொலியை ஆண் நுளம்பு இதனாலேயே கேட்கின்றது.

3. சாட்டை: எஞ்சிய நீண்ட பகுதி. இதனுள் தசை இல்லை. மணத்தை அறியும் நுண்மயிர்கள் இதன்மேல் நிறைந்துள்ளன.

சாட்டையின் நீளமும் வடிவமும் இனத்துக்கு இனம் வேறுபடும். கமக்காரருக்குப் பயன்படுவது இவ்வேறுபாடே.

கிளிவெட்டி வயல்களில் வெட்டுக்கிளியைக் கண்டவுடன் பீடைநாசினி தெளிக்க முற்படாதீர்கள். முதலில் அதன் கொம்பைப் பாருங்கள். கொம்பு உடலிலும் குறுகியதாயின் அது நெல்லிலையைத் தின்னும் இனம். கொம்பு மயிர்போல் மெலிந்து உடலிலும் நீண்டிருப்பின் அது நெடுங்கொம்பு வெட்டுக்கிளி. இது சிறிதளவு நெல்லையும் கடிக்கும். எனினும் தண்டு துளைப்பான், நெல் மூட்டுப்பூச்சி ஆகியவற்றின் முட்டைகளைத் தின்பதால் நன்மையே மிகுதி. எட்டுக் கால்களுடன், உணர்கொம்பு இன்றிக் காணப்படுவது சிலந்தி. அது பூச்சியன்று, கபில நிறத் தத்தியை வேட்டையாடும் நண்பன்.

மரக்கறித் தோட்டத்தில் பூசணி வண்டின் கொம்பு நூல்போல் நீண்டிருக்கும். அசுவுணியைத் தின்னும் பொறிவண்டின் கொம்போ குறுகி, நுனி தடித்திருக்கும். ஆயினும் கத்தரி இலையைச் சுரண்டும் புள்ளிவண்டும் பொறிவண்டுக் குடும்பத்ததே. அதன் கொம்பும் அவ்வாறே இருக்கும். ஆதலின் முதுகையும் பாருங்கள். மங்கலாய், நுண்மயிர் படர்ந்திருப்பின் பகை. பளபளப்பாயிருப்பின் பெரும்பாலும் நட்பு.

நன்மை செய்யும் உயிர்கள் மருந்தால் அழிந்தால் தத்தி பன்மடங்காய்ப் பெருகும். இதன் காரணமாகவே இந்தோனேசியா 1986ஆம் ஆண்டில் 57 பூச்சிகொல்லிகளை நெற்பயிருக்கு இடுவதைத் தடைசெய்தது.

எனவே காலையில் வயலின் குறுக்கே நடந்து பத்து இடங்களிற் பயிரின் அடியையும் கதிரையும் பாருங்கள். ஐயமுள்ள பூச்சியைச் சிறு போத்தலில் இட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அதன் பின்னரே மருந்தைப் பற்றி எண்ணுக.